பேச்சு வராத பிள்ளையும் இயற்கை மருத்துவமும்

பெக்கான் நானாஸ் வட்டாரத்துத் தோட்டங்களில் பெற்றோர் கூட்டங்களுக்கு நாம் செல்லுகின்றபோது அடிக்கடி எழுகின்ற கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளைக்கு மூன்று வயது ஆகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. 'அம்மா' என்று அழைப்பதில்லை. மங்குச் சிரட்டையை மணிக்கணக்கில் சுழற்றிக்கொண்டே இருக்கிறான். பக்க விளைவு இல்லாத இயற்கை மருந்து ஏதேனும் உண்டா?" என்பதே அக்கேள்வி.

இக்கேள்வியை நாம் எள்ளி ஒதுக்குவதற்கில்லை. நம் பாட்டன் பாட்டியர் மருத்துவமனை எட்டாத காலத்தில் இஞ்சியையும் ஓமத்தையும் வேப்பிலையையும் கொண்டே பிள்ளைகளை வளர்த்தனர். அவ்வறிவில் பயனுள்ளது பல. ஆயினும் பேச்சு வராத பிள்ளைக்கென்று இன்று கடைகளிலும் கைத்தொலைபேசிகளிலும் விற்கப்படும் பொருள்கள் யாவும் பாட்டியின் அஞ்சறைப் பெட்டியிலிருந்து வந்தவை அல்ல. சில பயனற்றவை, சில பணத்தைக் கரைப்பவை, சில உயிருக்கே உலை வைப்பவை. எது எத்தகையது என்று பிரித்தறியும் வழியைக் கற்றுக்கொள்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

ஆட்டிசம் என்பது யாது?

மேலே கூறிய அடையாளங்கள் பல குறைபாடுகளில் தோன்றக்கூடும். காது கேளாமையும் அவற்றுள் ஒன்று. ஆகவே முதலில் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். செவி நன்றாக இருந்தும், பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்காமலும், வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாமலும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டும், வழக்கம் சிறிது மாறினாலும் பெரிதும் கலங்கியும் இருந்தால், மருத்துவர்கள் ஆட்டிசம் உள்ளதா என்று ஆராய்வர். தமிழ்நாட்டில் இதனை மதியிறுக்கம் என்றும் வழங்குவர்.

இது தொற்றும் நோயன்று. மூளை வளரும் முறையில் பிறவியிலேயே அமையும் வேறுபாடாகும். 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் இந்நிலையுடன் வாழ்ந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. ஒரு பிள்ளை சிறிதும் பேசாதிருக்கலாம்; வேறொரு பிள்ளை நன்றாகப் பேசியும் பிறர் மனக்குறிப்பை அறிய இயலாமல் தவிக்கலாம். இருவரும் இவ்வகையினரே.

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்னும் மருத்துவர், 11 பிள்ளைகளை ஆராய்ந்து இந்நிலையை முதன்முதலில் விரிவாக எழுதினார். அதன் பின்னர் ஒரு பெரும் அநீதி நிகழ்ந்தது. தாயின் அன்பு குளிர்ந்துபோனமையால்தான் பிள்ளை இவ்வாறு ஆயிற்று என்று சில அறிஞர்கள் கூறத் தொடங்கினர். புருனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967ஆம் ஆண்டில் இக்கருத்தை நூலாகவே எழுதி நாடெங்கும் பரப்பினார். எத்தனையோ தாய்மார்கள் பிள்ளையின் துயரோடு பழியையும் சுமந்தனர். 1977ஆம் ஆண்டில் லண்டனில் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த 11 இணைகளுள் 4 இணைகளில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. வெவ்வேறு கருவிலிருந்து உருவான 10 இணைகளுள் ஒன்றில்கூட அவ்வாறு இல்லை. இதனால் பிறவிக் கூறுகளின் பங்கு பெரிது என்பது புலனாயிற்று. தாயின் அன்பைக் குறைகூறிய கொள்கை பின்னர் முற்றிலும் கைவிடப்பட்டது.

ஆதலின், இதனைப் படிக்கும் தாய்மார்கள் ஒன்றை உறுதியாக மனத்தில் கொள்ள வேண்டும். நீங்கள் விடியற்காலையில் மரம் சீவப் போனதாலோ, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டதாலோ, கருவுற்றிருந்தபோது கிரகணத்தைப் பார்த்ததாலோ இந்நிலை வரவில்லை. மாமியாரோ பக்கத்து வீட்டாரோ அவ்வாறு சொன்னால், இப்பகுதியை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

மருந்து வேலை செய்தது என்று எப்படி அறிவது?

"எங்கள் உறவினர் பிள்ளைக்கு இந்த எண்ணெயைத் தடவினார்கள், ஆறு மாதத்தில் பேச்சு வந்துவிட்டது" என்று ஒருவர் சொல்லும்போது அவர் பொய் சொல்வதில்லை. ஆயினும் பேச்சு வந்தது எண்ணெயினாலா என்பது வேறு கேள்வி.

ரப்பர் மரத்தை எண்ணிப் பாருங்கள். ஆண்டின் தொடக்கத்து வறண்ட மாதங்களில் அது இலைகளை உதிர்த்து மொட்டையாக நிற்கிறது. அந்நேரத்தில் ஒருவர் வந்து, மரத்தைச் சுற்றி மந்திரித்த நீரைத் தெளித்து, "இன்னும் சில வாரங்களில் தளிர்க்கும்" என்று கூறினால், மரம் தளிர்க்கத்தான் செய்யும். நீர் தெளிக்காத மரமும் தளிர்க்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளையும் வளர்கின்ற பிள்ளையே. மற்றப் பிள்ளைகளைப் போன்று விரைவாக இல்லாவிடினும், பலர் வயதுக்கு ஏற்பச் சிறிது சிறிதாகச் சொற்களையும் பழக்கங்களையும் கற்றுக்கொள்கின்றனர். அவ்வேளையில் எந்த மருந்து வீட்டில் இருந்ததோ அதற்கே பெயர் கிடைக்கிறது.

இதைப் பிரித்தறியும் முறையும் நமக்குப் புதிதன்று. 1925ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, 1998ஆம் ஆண்டில் மலேசிய ரப்பர் வாரியத்தில் இணைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், ஒரு புதிய உரத்தை எவ்வாறு சோதித்தது? ஒரே வயதும் ஒரே இனமும் கொண்ட மரங்களை இரு பகுதிகளாகப் பிரித்து, ஒன்றுக்கு உரமிட்டு, மற்றொன்றுக்கு இடாமல் விட்டு, இரண்டிலும் இறங்கிய பாலை அளந்து பார்த்தது. உரமிடாத பகுதி இல்லையேல் உரத்தின் பயன் இன்னதென்று சொல்ல இயலாது. மருந்தைச் சோதிப்பதும் இவ்வாறே. சில பிள்ளைகளுக்கு மருந்தும், சிலருக்கு மருந்து போன்று தோன்றும் வெறும் பொருளும் கொடுப்பர். எது யாருக்குக் கிடைத்தது என்பதைப் பெற்றோரும் மதிப்பிடுபவரும் அறியாதவாறு மறைத்து வைப்பர்.

இச்சோதனை ஏன் இன்றியமையாதது என்பதற்கு ஒரு சான்று பாருங்கள். 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவில், குடல் சோதனைக்காகச் செக்ரெட்டின் என்னும் செரிமானச் சுரப்புநீர் ஊசி போடப்பட்ட மூன்று பிள்ளைகள் பேச்சிலும் பழக்கத்திலும் முன்னேறியதாகச் செய்தி வந்தது. பெற்றோர் ஆயிரக்கணக்கில் அவ்வூசியைத் தேடி அலைந்தனர். மறு ஆண்டே 60 பிள்ளைகளைக் கொண்டு முறையான சோதனை நடத்தினர். ஊசிமருந்து பெற்றவர்களிலும் சிலர் முன்னேறினர். வெறும் உப்புநீர் பெற்றவர்களிலும் சிலர் முன்னேறினர். இரண்டிற்கும் வேறுபாடு இல்லை. பின்னர்ப் பல நாடுகளில் நடந்த சோதனைகளும் இதையே உறுதிசெய்தன. ஆனால், முதற்சோதனையின் முடிவு தெரிவிக்கப்பட்ட பிறகும் அதில் பங்கேற்ற பெற்றோரில் 69 விழுக்காட்டினர் அவ்வூசியில் தங்களுக்கு இன்னும் நாட்டம் உண்டு என்றனர். நம்பிக்கை அத்துணை வலியது. அவ்வலிமையையே வியாபாரிகள் விலைபேசுகின்றனர்.

நம் வீடுகளில் வழங்குபவை

வசம்பு: பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் பெற்ற வசம்பைச் சுட்டு உரைத்து நாவில் தடவினால் நா திருந்தும் என்பர். ஆட்டிசத்தில் தடைப்படுவது நாக்கின் அசைவன்று. பிறரோடு கருத்தைப் பரிமாறிக்கொள்ளும் மூளையின் வேலையாகும். ஆகவே நாவில் தடவும் பொருள் அங்குப் பயன் தராது. வசம்பு எண்ணெயில் உள்ள ஒரு வேதிப்பொருள் எலிகளுக்குக் கட்டிகளை உண்டாக்கியமையால், அமெரிக்கா 1968ஆம் ஆண்டிலேயே வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடைசெய்தது. நாள்தோறும் தடவுவதை விட்டுவிடுவதே நன்று. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனும் கொடுக்கலாகாது. தேனில் இருக்கக்கூடிய கிருமி விதைகள் கைக்குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும்.

வல்லாரை: மலாய்க்காரர்கள் பெகாகா என்று பச்சையாக உண்ணும் இக்கீரை நல்ல உணவு. சோற்றோடு பிள்ளைக்குக் கொடுப்பதில் தீங்கில்லை. ஆயினும் இது ஆட்டிசத்தைத் தீர்க்கும் என்பதற்குச் சோதனைச் சான்று இல்லை. வல்லாரைச் சாறு எனப் புட்டியில் விலையுயர்த்தி விற்பதை வாங்குவதைவிட, வீட்டு வேலியோரத்தில் பறித்துத் துவையல் அரைப்பதே சிக்கனம்.

அன்னாசி நொதி: அன்னாசிக்கே பெயர் பெற்ற பட்டணம் நம்முடையது. அன்னாசியின் தண்டிலிருந்து எடுக்கப்படும் புரோமலைன் என்னும் நொதி புரதத்தைச் சிதைக்க வல்லது. இத்தகைய நொதிகளை உண்டால் குடல் சீராகி, மூளையும் சீராகும் என்று மாத்திரைகள் விற்கப்படுகின்றன. 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஆஸ்திரேலியச் சோதனை ஒன்றில் 43 பிள்ளைகளுக்குப் புரதம் செரிக்கும் நொதி கொடுத்துப் பார்த்தனர். பழக்கத்திலோ வயிற்றுக் கோளாற்றிலோ உறக்கத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. நம் ஊர் அன்னாசியைப் பழமாகவே பிள்ளை சுவைக்கட்டும்.

எண்ணெய்த் தேய்ப்பு: இளஞ்சூட்டில் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது நம் பழக்கம். தேய்ப்பினால் சில பிள்ளைகள் அமைதியுற்று நன்கு உறங்குவதாகச் சிறு ஆய்வுகள் கூறுகின்றன. எனினும் சான்று மெலிது. பிள்ளை விரும்பினால் தாராளமாகச் செய்யலாம். தொடுதலையே தாங்காத பிள்ளையை அழுத்திப் பிடித்துத் தேய்ப்பது கொடுமையாகும்.

பாட்டும் தாளமும்: இசைவழிப் பயிற்சி பற்றிய 26 ஆய்வுகளை ஒருசேர மதிப்பிட்ட 2022ஆம் ஆண்டின் அறிக்கை, பயிற்சி பெற்ற பிள்ளைகள் பொதுநிலையில் முன்னேறும் வாய்ப்பு கூடியதாகக் கூறுகிறது. ஆயினும் 2017ஆம் ஆண்டில் 9 நாடுகளில் 364 பிள்ளைகளைக் கொண்டு நடந்த பெரிய சோதனையில் ஆட்டிசத்தின் கடுமை குறையவில்லை. ஆகவே இசை நல்ல துணை, தீர்வன்று. தாலாட்டும் கும்மியும் செலவில்லாதவை. அவற்றை வீட்டில் நிறுத்த வேண்டியதில்லை.

வழிபாடும் மந்திரிப்பும்: கோவிலுக்குப் போவதும் நேர்ந்துகொள்வதும் பெற்றோரின் மனத்துக்கு ஆறுதல் தரும். அதில் நாம் குறுக்கிடோம். ஆனால் பிள்ளைக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று பிரம்பால் அடிப்பதும், மிளகாய்ப் புகை போடுவதும், சூடு வைப்பதும் எந்தச் சமயத்தின் பெயராலும் பொறுக்கத் தகாதவை.

கடைகளில் விற்கப்படுபவை

கோதுமையும் பாலும் நீக்கிய உணவு ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் என்று பலரும் கூறுவர். 2016ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், அவ்வுணவிலேயே பழகிய 14 பிள்ளைகளுக்கு மறைவாகக் கோதுமைப் புரதத்தையும் பால் புரதத்தையும் கொடுத்துப் பார்த்தனர். பழக்கத்திலும் உறக்கத்திலும் வேறுபாடு தென்படவில்லை. மற்றோர் ஆய்வு 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் எலும்பு இயல்பினும் மெலிந்திருப்பதும், பால் நிறுத்தப்பட்டவர்களின் எலும்பு இன்னும் மெலிந்திருப்பதும் அதில் தெரியவந்தன. ஏற்கெனவே இரண்டு மூன்று உணவுகளை மட்டுமே உண்ணும் பிள்ளையிடமிருந்து மேலும் இரண்டைப் பறித்தால் எஞ்சுவது பட்டினியே. கோதுமை உண்மையாகவே ஒவ்வாத நோய் உடையவர் உளர்; அதனை மருத்துவர் சோதித்துச் சொல்வார்.

மிகையளவு வைட்டமின் பி6 மாத்திரைகளையும் பலர் புகழ்வர். 1964ஆம் ஆண்டில், தாய்மார் மீதான பழியை மறுத்து நூல் எழுதிய பெர்னார்ட் ரிம்லாண்ட் என்னும் அறிஞரே, ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையுமானவர், இம்மாத்திரையை மனமார ஆதரித்தார். அவர் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. எனினும் நடந்த சோதனைகள் மிகச் சிறியவை. அவற்றைக் கொண்டு இதனைப் பரிந்துரைக்க இயலாது என்று 2005ஆம் ஆண்டின் மதிப்பீடு முடிவு கூறிற்று. இவ்வைட்டமின் அளவுமீறி நெடுநாள் உண்ணப்பட்டால் கை கால் நரம்புகள் கெடும். மீன் எண்ணெய்க்கும் உறுதியான சான்று இல்லை. சந்தையில் வாங்கும் மீனைக் குழம்பு வைத்துக் கொடுங்கள்.

சீன மருத்துவத்தின் ஊசிக்குத்து முறையைப் பற்றி 390 பிள்ளைகள் பங்கேற்ற 10 சோதனைகளை 2011ஆம் ஆண்டில் மதிப்பிட்டனர். அதனை ஆதரிக்கத்தக்க சான்று கிடைக்கவில்லை.

தொடவே கூடாதவை

"இயற்கையானது ஆதலின் தீங்கு செய்யாது" என்னும் சொல் பிழையானது. ரப்பர் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலம் எறும்பின் உடலிலும் இயற்கையாகவே உள்ளது. அதற்காக அதனை யாரேனும் பிள்ளைக்குப் புகட்டுவோமா?

முதலாவது, உலோகம் கலந்த மருந்துகள். நாட்டு மருந்துகள் சிலவற்றில் பாதரசம், காரீயம், பாடாணம் ஆகியவை சேர்க்கப்படுகின்றன. சிலவற்றில் கவனக்குறைவால் கலந்துவிடுகின்றன. 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போஸ்டன் நகரத்துக் கடைகளில் விற்கப்பட்ட 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்ததில் 14 பொருள்களில் இவ்வுலோகங்கள் இருந்தன. காரீயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். மூளை வளர்ச்சிக்கென்று கொடுப்பது மூளையைக் கெடுப்பதாயின் அதனினும் பெரிய கொடுமை எது?

இரண்டாவது, உடலிலுள்ள உலோகத்தைப் பிரித்தெடுக்கும் மருந்து. காரீய நஞ்சு ஏறியவர்களுக்கு மருத்துவமனையில் கொடுக்கப்படும் இம்மருந்தை, நஞ்சே ஏறாத ஆட்டிசப் பிள்ளைகளுக்குச் சிலர் கொடுக்கின்றனர். 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 5 வயதுச் சிறுவன் ஒருவன் இம்மருந்தை நரம்பு வழியே பெற்று மாண்டான். இரத்தத்திலிருந்த சுண்ணச்சத்து திடீரெனக் குறைந்து, இதயம் நின்றது. ஆட்டிசம் எவரையும் அவ்வாறு கொல்வதில்லை. அதற்கென்று செய்த மருத்துவமே அவ்வுயிரைக் குடித்தது.

மூன்றாவது, அற்புதத் தாதுநீர் என்று விற்கப்படும் குளோரின் டையாக்சைடு. இது துணியையும் காகிதத்தையும் வெளுக்கும் சலவை நீர். இதனை அருந்தலாகாது என்று அமெரிக்க உணவு மருந்து ஆணையம் 2010ஆம் ஆண்டிலும் 2019ஆம் ஆண்டிலும் எச்சரித்தது. இதைப் புகட்டிய பின் பிள்ளையின் மலத்தில் வெளிவருவது புழு என்று விற்பவர் கூறுவர். புண்ணுற்ற குடலின் சவ்வும் அவ்வாறு உரிந்து வரும் என்பதைச் சொல்லமாட்டார்.

நான்காவது, குருத்தணு ஊசி. பல்லாயிரம் வெள்ளி கேட்கப்படும் இச்சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைப்பதற்கில்லை என்று இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையத்தைச் சார்ந்த வாரியம் 2022ஆம் ஆண்டில் அறிவித்தது.

ஐந்தாவது, மருந்தன்று, நல்ல மருந்தை நிறுத்துவது. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று 1998ஆம் ஆண்டில் 12 பிள்ளைகளைக் கொண்டு எழுதப்பட்ட ஆங்கிலேயக் கட்டுரையை, அதனை வெளியிட்ட இதழே 2010ஆம் ஆண்டில் திரும்பப் பெற்றது. எழுதிய மருத்துவரின் பெயர் மருத்துவர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 657,461 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வும் அத்தகைய தொடர்பு இல்லை என்றே காட்டியது. ஆதலின் தடுப்பூசியை நிறுத்தாதீர்கள். அதேபோன்று ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலருக்கு வலிப்பும் உண்டு. நாட்டு மருந்து தொடங்கிவிட்டோம் என்று வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் பிள்ளை உயிருக்கே ஆபத்தாகும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

நம் நாட்டில் பதிவு பெற்ற மருந்துப் பொருளின் உறையில் 'மால்' என்னும் மூன்று ரோமன் எழுத்துகளும், அவற்றை அடுத்து எட்டு இலக்கங்களும், இறுதியில் ஓர் எழுத்தும் இருக்கும். பாரம்பரிய மருந்தாயின் இறுதி எழுத்து 'டி' ஆகும். இது தவிரப் போலியைத் தடுக்கும் ஒளிர் முத்திரையும் ஒட்டப்பட்டிருக்கும். இவை இல்லாத தூளையோ லேகியத்தையோ மாத்திரையையோ பிள்ளைக்குக் கொடுக்கலாகாது. பதிவெண் இருந்தால் அப்பொருளின் பாதுகாப்பும் தரமும் பார்க்கப்பட்டன என்றே பொருள். ஆட்டிசத்தைத் தீர்க்கும் என்று அரசு சான்றளித்ததாகப் பொருளன்று. பாரம்பரிய வைத்தியர்களை முறைப்படுத்தவும் 2016ஆம் ஆண்டின் 775ஆம் சட்டம் உள்ளது. இந்தியப் பாரம்பரிய மருத்துவமும் அதில் இடம்பெற்ற துறைகளுள் ஒன்று.

வைத்தியரிடம் பின்வரும் ஐந்து கேள்விகளைப் பணிவோடு கேளுங்கள். இம்மருந்தில் என்னென்ன சேர்ந்துள்ளன? எத்தனை நாளில் எந்த மாற்றம் தெரிய வேண்டும்? மாற்றம் தெரியாவிடில் நிறுத்தலாமா? மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்கிறீர்களா? மொத்தச் செலவு எவ்வளவு? நேர்மையான வைத்தியர் இவற்றுக்கு விடை கூறுவார். "முழுதும் குணமாகும், யாரிடமும் சொல்லாதே, முன்பணம் கட்டு" என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பயன் தருவது எது?

ஆட்டிசத்தை முற்றிலும் நீக்கும் மருந்து நாட்டு மருத்துவத்திலும் இல்லை; ஆங்கில மருத்துவத்திலும் இல்லை. உறக்கமின்மை, வலிப்பு, கடுஞ்சினம் முதலிய உடனிருக்கும் தொல்லைகளுக்கு மருத்துவர் மருந்து தரலாம். பேச்சையும் பழக்கத்தையும் வளர்ப்பது பயிற்சியே. அப்பயிற்சியில் பெற்றோரின் பங்கு பெரிது.

இங்கிலாந்தில் 152 இளம் பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. பிள்ளையோடு தாம் விளையாடுவதைப் படம்பிடித்துப் பார்த்து, பிள்ளை தரும் சிறு குறிப்புகளைக் கண்டுகொண்டு, அதற்கேற்ப விடையளிக்கப் பெற்றோர் கற்பிக்கப்பட்டனர். 2010ஆம் ஆண்டில் முதல் முடிவு வந்தபோது பெற்றோரும் பிள்ளையும் பழகும் முறை சீர்பட்டிருந்தது. ஆட்டிசத்தின் கடுமையில் மிகுந்த வேறுபாடு இல்லை. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழித்து அப்பிள்ளைகளைத் தேடிப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற குடும்பத்துப் பிள்ளைகளிடம் கடுமை குறைந்திருந்தது.

"அது வெள்ளைக்காரர் நாடு, நமக்கு ஏது வசதி?" என்று நீங்கள் கேட்கலாம். அதே பயிற்சியை இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளிடம் நடத்திப் பார்த்தனர். கற்பித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்கள். பன்னிரண்டு முறை சென்று பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தனர். பெற்றோர் பிள்ளையின் போக்கறிந்து விடையளிப்பது தெளிவாக உயர்ந்தது. பிள்ளைகளும் தாமாகவே பெற்றோரோடு தொடர்பு கொள்ள முயல்வது கூடியது. நம் ஆயாக்கொட்டகை ஆயாவும் கற்கத்தக்க திறமை அது.

லயத்து வீட்டிலேயே தொடங்கக்கூடியவை சில உண்டு. பிள்ளையின் முகத்துக்கு நேராக அமர்ந்து பேசுங்கள். அவன் சிரட்டையைச் சுழற்றினால் பிடுங்காமல் நீங்களும் ஒன்றைச் சுழற்றுங்கள். அவன் உங்களைப் பார்க்கும் நொடிக்குக் காத்திருங்கள். நீண்ட வாக்கியம் வேண்டா. "பால்", "வா", "கொடு" என்று ஒரு சொல் போதும். சொல்லிவிட்டுச் சற்றே பொறுங்கள். விடை தர அவனுக்கு நேரம் வேண்டும். குளியல், சாப்பாடு, உறக்கம் ஆகியவற்றைப் படமாக வரைந்து சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். அடுத்து வருவது இன்னதென்று தெரிந்தால் அழுகை குறையும்.

எங்கே செல்வது?

அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் 18 மாத வயதிலும், பின்னர் 3 வயதிலும் தாதியர் ஒரு கேள்வித்தாளைக் கொண்டு ஆட்டிசத்தின் அடையாளங்களைக் கேட்டறிவர். தடுப்பூசிக்குச் செல்லும் அதே பயணத்தில் இதுவும் முடியும். கேள்விகள் புரியாவிடில் விளங்கச் சொல்லுமாறு கேளுங்கள். வெட்கப்பட்டு 'எல்லாம் சரி' என்று தலையாட்டிவிடாதீர்கள். ஐயம் இருப்பின் அங்கிருந்து பெரிய மருத்துவமனையின் குழந்தை மருத்துவருக்குக் கடிதம் தருவர். பொந்தியானுக்கோ ஜொகூர் பாருவுக்கோ சென்றுவர ஒரு நாள் சம்பளம் போகும் என்பதை நாம் அறிவோம். பதிவற்ற மருந்துக்குக் கொடுக்கும் பணத்தோடு அதனை ஒப்பிட்டுப் பாருங்கள். முறை வரும் வரை காத்திருக்கும் மாதங்களிலும் வீட்டுப் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை.

ஆட்டிசம் உறுதிப்பட்டால், சமூகநல இலாகாவில் மாற்றுத்திறனாளியாகப் பதிந்து அட்டை பெறலாம். அது பிள்ளைக்கு இடும் இழிமுத்திரை அன்று. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் நம் நாட்டில் உள்ளது. உதவி கேட்பது உரிமையாகும். 1984ஆம் ஆண்டில் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய சமூக மறுவாழ்வுத் திட்டத்தின் மையங்கள் இன்று நாடெங்கும் உள. மலாயில் பி.டி.கே. என்று கேட்டால் வழி சொல்வர். பெற்றோர்களும் வல்லுநர்களும் 1987ஆம் ஆண்டில் தொடங்கிய மலேசியத் தேசிய ஆட்டிசச் சங்கம் பல நகரங்களில் மையம் நடத்துகிறது. பள்ளிகளும் சிறப்புத் தேவையுள்ள பிள்ளையை மறுத்தனுப்பலாகாது என்னும் கொள்கையைக் கல்வியமைச்சு 2019ஆம் ஆண்டு முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது.

கூடிப் பேசுவதற்கு

தோட்டத்துப் பெற்றோர் கூட்டத்தில் பின்வரும் கேள்விகளை எடுத்துப் பேசலாம்.

1. நம் தோட்டத்தில் பேச்சு தாமதமான பிள்ளைகளுக்கு இதுவரை என்னென்ன மருந்து கொடுக்கப்பட்டது? அவற்றுள் பதிவெண் உள்ளவை எத்தனை?

2. உரமிட்ட மரத்தையும் உரமிடாத மரத்தையும் ஒப்பிடுவது போன்று, ஒரு மருந்தின் பயனை வீட்டில் எவ்வாறு குறித்து வைக்கலாம்?

3. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாய் கிளினிக்குச் செல்லும் நாளில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யார் முன்வருவர்?

4. திருவிழாவிலும் திருமணத்திலும் அப்பிள்ளை அலறினால் நாம் முகம் சுளிக்கிறோமா? அமைதியான மூலை ஒன்றை ஒதுக்கித் தருகிறோமா?

பெற்றோர்களே! இளம்பிள்ளையின் மூளை விரைந்து வளரும் ஆண்டுகள் சிலவே. ஒரு மருந்திலிருந்து மற்றொரு மருந்துக்கு அலைந்து அவ்வாண்டுகளைச் செலவழித்தால் அவை மீண்டும் வாரா. எண்ணெய் தேயுங்கள், தாலாட்டுப் பாடுங்கள், வல்லாரைத் துவையல் கொடுங்கள், கோவிலுக்கும் செல்லுங்கள். ஆனால் பிள்ளைக்கு 18 மாதம் ஆகும் அன்று கிளினிக்குக்குச் செல்வதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மூன்று வயது கடந்திருந்தாலும் காலம் போய்விடவில்லை, நாளைக்கே செல்லலாம்.